அல்சைமர் பாதித்த கணவரோ மனைவியோ நடக்க மறுக்கிறாரா? அது அடம் இல்லை... வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

காலை 6 மணி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார் கணவர். பாத்ரூம் போக வேண்டும். "எந்திரிங்க... மெதுவா காலை ஊணுங்க" என்கிறார் மனைவி. அவர் எழவில்லை. கையைப் பிடித்து இழுத்தால் பின்பக்கமாகச் சாய்கிறார். ஒருவழியாக நிற்க வைத்தால், பசை போட்டு ஒட்டியது போல இரண்டு கால்களும் தரையை விட்டு நகரவில்லை. "நேத்து சாயங்காலம் வாசல் வரைக்கும் நடந்த மனுஷன், இன்னிக்கு வேணும்னே அடம் பிடிக்கிறாரே" என்று, தானும் 65 வயதைத் தாண்டிய அந்த மனைவிக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வருகிறது.

அல்சைமர் பாதித்தவர் இருக்கும் வீடுகளில் இது புதிய காட்சி இல்லை. கணவன், மனைவி இடம் மாறியிருக்கலாம், அவ்வளவுதான்.

இதில் இரண்டு விஷயங்களைப் புரிந்துகொள்வது முக்கியம். ஒன்று, அவர் அடம் பிடிக்கவில்லை. இரண்டு, நேற்று நடந்தவர் இன்று நடக்கவில்லை என்றால், 'நோய் முத்திருச்சு' என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. சரிசெய்யக்கூடிய வேறு பிரச்னை உள்ளே ஒளிந்திருக்கலாம். விரிவாகப் பார்ப்போம்.

மறதி நோய்தானே... கால் ஏன் பாதிக்கப்படுகிறது?

அல்சைமர் என்றதும் பெயர் மறப்பது, வழி மறப்பதுதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் இது மூளையின் செல்கள் படிப்படியாக அழியும் நோய். முதலில் நினைவைப் பதிவு செய்யும் பகுதி பாதிக்கப்படும். பிறகு மொழி, இடம் அறிதல், திட்டமிடுதல் என மற்ற பகுதிகளுக்கும் பரவும். கடைசிக் கட்டத்தில் நடப்பது, உட்காருவது, விழுங்குவது போன்ற உடல் அசைவுகளும் பாதிக்கப்படும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. இந்த நோய்க்குப் பெயர் வரக் காரணமான ஜெர்மனி மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், 1901-ல் ஃபிராங்ஃபர்ட் மருத்துவமனையில் ஆகஸ்ட் டீட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைப் பரிசோதித்தார். மனைவியின் நடவடிக்கைகளைச் சமாளிக்க முடியாமல் அவரை அங்கே சேர்த்தவர் கணவர்தான். 1906 ஏப்ரலில் அந்தப் பெண் இறந்தார். கடைசி நாட்களில் அவர் கால்களை மடக்கியபடி படுக்கையிலேயே கிடந்ததையும், எவ்வளவோ கவனித்தும் படுக்கைப்புண் வந்ததையும் 1907-ல் வெளியான தன் குறிப்பில் அல்சைமர் எழுதியிருக்கிறார். அதாவது, மருத்துவ உலகம் அறிந்த முதல் அல்சைமர் நோயாளிக்கே நடமாட்டம் நின்றுபோயிருந்தது.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் இருப்பதாக 'லாசி-டாட்' என்ற தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டுள்ளது. டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகை அல்சைமர்தான்.

அடம் மாதிரி தெரிவது ஏன்?

கவனித்துக்கொள்ளும் மனைவிக்கோ கணவருக்கோ மனசு உடைவது இந்த இடத்தில்தான். இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதல் காரணம், நடக்கும் முறையையே மூளை மறந்துவிடுவது. காலில் பலம் இருக்கும். எலும்பும் நன்றாக இருக்கும். ஆனால் 'எடையை இடது காலுக்கு மாற்று, வலது காலைத் தூக்கு, முன்னால் வை' என்ற வரிசை கலைந்துவிடும். அதனால்தான் படுத்திருக்கும்போது காலை ஆட்டுபவர், எழுந்து நின்றதும் சிலையாகிவிடுகிறார்.

இரண்டாவது, தசைகள் தானாகவே எதிர்ப்பது. சட்டை மாட்டக் கையை நீட்டினால் அவர் மடக்குவார். காலை மடக்கினால் விறைப்பார். நாம் எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ, அவ்வளவு பலமாக எதிர்ப்பு வரும். பார்க்க வம்புக்குச் செய்வது போலவே இருக்கும். ஆனால் அது அவர் விருப்பத்தில் நடப்பது இல்லை. மூளை பாதிப்பால் வரும் விறைப்பு. மெதுவாக அசைத்தால் தசை தளர்ந்து கொடுக்கும். அவசரப்பட்டால் கொடுக்காது.

மூன்றாவது, பார்வை. கண் நன்றாகவே இருந்தாலும், பார்ப்பதை மூளை சரியாகப் புரிந்துகொள்ளாது. தரையில் கிடக்கும் கறுப்பு நிறக் கால்மிதி ஒரு பள்ளம் போலத் தெரியலாம். பளபளக்கும் டைல்ஸ் தண்ணீர் போலத் தெரியலாம். பள்ளத்தில் கால் வைக்கச் சொன்னால் யார்தான் வைப்பார்கள்?

எந்தக் கட்டத்தில் நடை நிற்கும்?

நோய் கண்டறியப்பட்ட பிறகு சராசரியாக 4 முதல் 8 ஆண்டுகள் வாழ்கிறார்கள். சிலர் 20 ஆண்டுகள் வரைகூட இருக்கிறார்கள். அதனால் 'இத்தனையாவது வருஷம் நடை போகும்' என்று தேதி குறிக்க முடியாது. ஆனால் வரிசை ஒன்று இருக்கிறது.

அமெரிக்க மருத்துவர் பேரி ரைஸ்பெர்க் உருவாக்கிய 'ஃபாஸ்ட்' என்ற அளவுகோல், நோயை 7 கட்டங்களாகப் பிரிக்கிறது. 6-வது கட்டத்தில் தானாக உடை மாற்றுவது, குளிப்பது, கழிப்பறையைப் பயன்படுத்துவது ஒவ்வொன்றாகப் போகும். பிறகு சிறுநீர், மலம் மீதான கட்டுப்பாடு போகும். 7-வது கட்டத்தில் பேச்சு சில சொற்களாகச் சுருங்கும். அதற்குப் பிறகுதான் நடை போகும். அதைத் தொடர்ந்து துணையில்லாமல் உட்காருவது, சிரிப்பது, தலையை நிமிர்த்திப் பிடிப்பது என ஒவ்வொன்றாகக் குறையும்.

இந்த வரிசை தெரிந்தால் என்ன பயன்? உங்கள் கணவர் இன்னும் முழு வாக்கியமாகப் பேசுகிறார், சட்டை பட்டனைத் தானே போடுகிறார், ஆனால் நடை மட்டும் நின்றுவிட்டது என்றால் வரிசை இடிக்கிறது. அப்போது வேறு காரணத்தைத் தேட வேண்டும். எல்லாருக்கும் இது அச்சு அசலாகப் பொருந்தாது என்றாலும், டாக்டரிடம் எடுத்துச் சொல்ல இது உதவும்.

திடீரென நடை நின்றால் என்ன செய்ய வேண்டும்?

மாதக்கணக்கில் அடி சுருங்கி, கால் இழுபட்டு, நாற்காலியிலிருந்து எழத் தடுமாறி, மெல்ல மெல்ல நின்றால் அது நோயின் போக்காக இருக்கலாம். ஒரே நாளிலோ ஒரு வாரத்திலோ நின்றால் டாக்டரிடம் போக வேண்டும். 'எனக்கு இங்கே வலிக்குது' என்று அவரால் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கலே. பெரும்பாலும் சந்தேகப்பட வேண்டியவை இவை:

• யூரின் இன்ஃபெக்ஷன், நுரையீரல் தொற்று: வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் வரும். கூடுதல் குழப்பம், தூக்கக் கலக்கம், நடை நிற்பது மட்டுமே அறிகுறியாக இருக்கலாம்.

• இடுப்பு எலும்பு முறிவு: நாம் பார்க்காத நேரத்தில் விழுந்திருக்கலாம். ஒரு கால் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் நிற்க வைக்கவே கூடாது. 108-ஐ அழைக்கவும்.

• தலையில் பட்ட அடி: லேசாக இடித்திருந்தால்கூட, மூளையைச் சுற்றி ரத்தம் மெதுவாகக் கசிந்து, சில வாரங்கள் கழித்து நடை தடுமாறலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து அதிகம்.

• பக்கவாதம்: முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தொங்குவது, பேச்சு குழறுவது. இதில் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

• மாத்திரைகள்: கத்துவது, தூங்காமல் அலைவது போன்றவற்றுக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளால் உடல் விறைத்து நடை குறையலாம். தூக்க மாத்திரையும் தள்ளாட வைக்கும். ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. எந்த மாத்திரை எப்போது ஆரம்பித்தது, நடை எப்போது குறைந்தது என்று தேதியோடு எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

• உடலில் சோடியம் குறைவது, நீர்ச்சத்து குறைவது, கடுமையான மலச்சிக்கல்.

• பாதம்: வளைந்து சதையில் குத்தும் நகம், கால் ஆணி, புண். சர்க்கரை நோயாளியாக இருந்தால் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும். சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் நடையையே நிறுத்திவிடும்.

வலியை அவர் சொல்லாவிட்டாலும் முகம் சொல்லும். மூச்சு விடும் விதம், முனகல், முகச் சுளிப்பு, உடல் விறைப்பு, தேற்றினால் அடங்குகிறாரா என்ற 5 விஷயங்களை வைத்தே டாக்டர்கள் இவர்களின் வலியை அளவிடுகிறார்கள். இதை வீட்டிலும் கவனிக்கலாம்.

அமெரிக்க முன்னாள் அதிபர் ரொனால்ட் ரீகன், தனக்கு அல்சைமர் இருப்பதை 1994 நவம்பரில் நாட்டு மக்களுக்குக் கடிதம் எழுதி அறிவித்தார். அதன் பிறகும் நடமாடிக்கொண்டிருந்தவர், 2001 ஜனவரியில் வீட்டில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 2004 ஜூனில் இறக்கும் வரை மனைவி நான்சி ரீகன்தான் உடனிருந்தார். எல்லா வசதியும் உள்ள வீட்டிலேயே இது நடக்கிறது. அதனால் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் நடையைக் காப்பாற்றும் முதல் வேலை.

இன்னும் நடக்கிறாரா? அந்த நடையைக் காப்பாற்ற...

'விழுந்துடுவார்' என்ற பயத்தில் நாள் முழுக்க உட்கார வைத்துவிடுவது நாம் செய்யும் பெரிய தப்பு. பயன்படுத்தாத தசை சீக்கிரமே பலம் இழக்கும். நாற்காலியில் கட்டி வைப்பது அதைவிட ஆபத்து. திமிறும்போது காயம் படும், பயமும் கூடும்.

• கால்மிதி, சுருண்ட பாய், தரையில் ஓடும் ஒயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். நிலைப்படியில் பளிச்சென்ற நிறத்தில் டேப் ஒட்டுங்கள்.

• காலைத் தடுக்கும் வேட்டி, லுங்கி, நீளமான நைட்டி வேண்டாம். இடுப்பில் எலாஸ்டிக் வைத்த, கணுக்காலுக்கு மேல் நிற்கும் உடை நல்லது. ஹவாய் செருப்புக்குப் பதில் பின்பக்கம் பட்டை உள்ள, வழுக்காத செருப்பு.

• கட்டிலிலிருந்து கழிப்பறை வரை ராத்திரியில் சின்ன விளக்கு எரியட்டும். வெஸ்டர்ன் டாய்லெட்டும், சுவரில் கைப்பிடிக் கம்பியும் வேண்டும்.

• ஒரு நேரத்தில் ஒரு சொல்தான். "எந்திரிச்சு, செருப்பு போட்டு, பாத்ரூம் போலாம்" என்பது அவருக்கு மூன்று வேலை. "எந்திரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். பதில் அசைவு வர அரை நிமிஷம்கூட ஆகலாம்.

• கால் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். "ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு" என்று தாளம் போடுங்கள். அவருக்குப் பிடித்த பழைய பாட்டைப் போடுங்கள். தாளம் கேட்டதும் சிலருக்குக் கால் நகரும்.

தூக்குவது எப்படி? உங்கள் முதுகும் முக்கியம்

அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். அவருக்குத் தோள்பட்டை விலகலாம், உங்களுக்கு முதுகு பிடித்துக்கொள்ளலாம். உங்கள் கழுத்தைச் சுற்றி அவர் கை போடவும் விடாதீர்கள்.

சரியான முறை இதுதான். முதலில் அவரை நாற்காலி நுனிக்கு நகர்த்துங்கள். இரண்டு பாதங்களும் முட்டிக்குக் கொஞ்சம் பின்னால், தரையில் பதிந்திருக்க வேண்டும். உடம்பை நன்றாக முன்னால் சாய்க்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் எழ முடியாமல் போவதே பின்னால் சாய்வதால்தான். நீங்கள் முட்டியை மடக்கி நின்று, அவர் இடுப்பைப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லி அவரோடு சேர்ந்து எழுங்கள். இடுப்பில் கட்டும் பிடிமானப் பெல்ட் மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கும். வீல்சேர் என்றால் பிரேக் போட்டாச்சா என்று பார்த்த பிறகுதான் மற்ற எல்லாம்.

விழப் போகிறார் என்றால் தாங்கிப் பிடிக்க முயலாதீர்கள். இரண்டு பேரும் விழுவீர்கள். உங்கள் உடம்போடு சேர்த்து மெதுவாகத் தரையில் சரிய விடுங்கள். விழுந்துவிட்டால் உடனே தூக்காதீர்கள். முதலில் அடி பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தனியாகத் தூக்க முடியாது என்றால் பக்கத்து வீட்டைக் கூப்பிடுவதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

படுக்கையிலேயே இருக்கும் நிலை வந்தால்?

இங்கே பெரிய எதிரிகள் நான்கு.

படுக்கைப்புண்: பகலிலும் ராத்திரியிலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பதுதான் பொதுவான விதி. முழுக்கப் பக்கவாட்டில் கிடத்தாமல், முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து லேசாகச் சாய்த்தால் போதும். முட்டிகளுக்கு நடுவே ஒரு தலையணை. குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று. இழுத்து நகர்த்தினால் தோல் உரியும், விரிப்போடு சேர்த்துத் தூக்கி நகர்த்துங்கள். வால் எலும்பு, இடுப்பு, குதிகால், கணுக்கால், பின்தலை ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். அழுத்தினாலும் மறையாத சிவப்புதான் முதல் எச்சரிக்கை. நம் தோல் நிறத்தில் அது ஊதாவாகவோ கறுப்பாகவோ தெரியலாம், தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கலாம். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. ஏர் பெட் உதவும், ஆனால் ஏர் பெட் போட்டாலும் பக்கம் மாற்றித்தான் ஆக வேண்டும்.

மூட்டு மடங்கிப்போவது: கை, கால் மூட்டுகளைத் தினமும் மெதுவாக நீட்டி மடக்க வேண்டும். ஒரு பிசியோதெரபிஸ்ட்டை ஒருமுறை வரவழைத்துக் கற்றுக்கொண்டால் நீங்களே செய்யலாம்.

புரை ஏறுவது: படுக்க வைத்து ஊட்டவே கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, சின்னக் கரண்டியில், முந்தைய வாயை விழுங்கிவிட்டாரா என்று பார்த்து ஊட்டுங்கள். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும். உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். இந்தக் கட்டத்தில் உயிருக்கு ஆபத்தாக முடிவது பெரும்பாலும் அதுதான். 'மூக்கில் டியூப் போட்டால் பயமில்லை' என்று பலர் நினைக்கிறார்கள். முற்றிய டிமென்ஷியாவில் டியூபைவிடக் கையால் கவனமாக ஊட்டுவதையே அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் பரிந்துரைக்கிறது. முடிவெடுக்கும் முன் டாக்டரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

ரத்தக்கட்டு: ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக இருந்தால் உடனே காட்ட வேண்டும். அந்தக் காலைத் தேய்க்காதீர்கள்.

உதவி எங்கே கிடைக்கும்?

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும், படுக்கையில் இருப்பவர்களுக்கான வலி நிவாரண, ஆதரவு சிகிச்சையும் தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104, முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களை அழைக்கலாம். முதியோருக்கென்றே சென்னை கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

ஆதரவு சிகிச்சை என்றதும் 'கைவிட்டுட்டாங்க' என்று அர்த்தம் இல்லை. வலி இல்லாமல், மூச்சுத் திணறாமல், புண் இல்லாமல் இருக்கச் செய்வதும் வைத்தியம்தான்.

கவனித்துக்கொள்பவரை யார் கவனிப்பது?

'புள்ளைங்களுக்கு எதுக்குத் தொந்தரவு' என்று தனியாகவே தாங்கும் மனைவிகளும் கணவர்களும் நிறைய. ஆனால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பக்கம் மாற்றும் வேலையை, முட்டி வலியும் பி.பி.யும் உள்ள ஒருவர் தனியாக மாதக்கணக்கில் செய்ய முடியாது. பிள்ளைகளிடம் 'வந்து பார்த்துட்டுப் போ' என்று சொல்லாமல், 'வாரத்துல ரெண்டு ராத்திரி நீ பார்த்துக்கோ', 'பகல்ல வர ஆளுக்குச் சம்பளத்தை நீ கொடு' என்று வேலையைப் பிரித்துக் கேளுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, அம்மா 'நான் பார்த்துக்கறேன்' என்று சொன்னால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று கேளுங்கள்.

கோபத்தில் ஒரு நாள் கத்தியிருப்பீர்கள். கையை வேகமாக இழுத்திருப்பீர்கள். அதை நினைத்து அழுபவர்கள் பலர். எவ்வளவு கவனித்தும் புண் வந்தது என்று அல்சைமரே எழுதியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் உங்களையே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள்.

இப்போது முதலில் சொன்ன அந்தக் காலை 6 மணிக்கு வருவோம். நேற்று நடந்தவர் இன்று நடக்கவில்லை. கையை இழுப்பதை நிறுத்துங்கள். அவர் எதிரே உட்காருங்கள். முகம் கோணியிருக்கிறதா, உடம்பு சுடுகிறதா, ஒரு கால் குட்டையாகத் தெரிகிறதா, பாதத்தில் புண் இருக்கிறதா, மாத்திரை ஏதாவது மாறியதா, மலம் போய் எத்தனை நாள் ஆச்சு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிறகு டாக்டருக்கு போன் போடுங்கள். அவரால் சொல்ல முடியாததை, இத்தனை வருஷம் கூட வாழ்ந்த உங்களால்தான் கண்டுபிடித்துச் சொல்ல முடியும்.

(இது பொதுவான தகவலுக்கான கட்டுரை. சிகிச்சை, மருந்து தொடர்பான முடிவுகளை உங்கள் மருத்துவரிடம் கேட்டு எடுக்கவும்.)